குடிநீரும் மூலிகைத் தேநீரும்

புத்தளத்திலிருந்து வடக்கே எலுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் உள்ளது வண்ணாத்திவில்லு. வரண்ட வலயத்துக்குரிய இப்பகுதியின் பற்றைகளிடையே ஆவாரை தானாகவே முளைத்து மஞ்சட் பூக்களைச் சொரிந்து நிற்கும். சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். இதன் பூவை உலர்த்தி வெந்நீரிலிட்டுப் பருகுவது இலங்கையின் வரண்ட பகுதிகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அதே பூ இன்று அழகிய பெட்டிகளில் அடைபட்டு நகரத்துக் கடைகளில் விலையாகிறது. பூவோடு சேர்த்து ஒரு கோட்பாடும் விற்கப்படுகிறது. முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவு எதுவும் அற்றது, நாள்தோறும் பருகத் தக்கது என்பதே அக்கோட்பாடு. அதனை நம்புவோர் பாமரர் மட்டுமல்லர். படித்தவரே அதன் முதன்மைப் பிரசாரகர்களாக விளங்குகின்றனர்.

வீட்டு வைத்தியத்தை இகழ்வது இங்கு நோக்கமன்று. தடிமனுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பதையோ, வெயிலில் வந்தவருக்கு வில்வம்பூ ஊறிய நீர் கொடுப்பதையோ, நன்னாரி வேரின் மணத்தையோ எவரும் குறைகூறப் போவதில்லை. கண்டிக்கப்பட வேண்டியவை மூன்று கூற்றுக்கள். இயற்கையானது ஆதலால் தீங்கற்றது என்பது ஒன்று. முன்னோர் பருகினர் ஆதலால் தினமும் பருகலாம் என்பது இரண்டாவது. இக்கோப்பை இருந்தால் ஆரோக்கியத்துக்கு வேறெதுவும் வேண்டியதில்லை என்பது மூன்றாவது.

முதற் கூற்றை ஆராய்வோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். என். அர்செகுலரத்னவும் சக ஆய்வாளர்களும் 1981இல் இலங்கை மூலிகைகள் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். ஈரலைத் தாக்கவல்ல பிரோலிசிடீன் அல்கலோயிட்டுகள் எனும் நச்சுச் சேர்வைகள் மூன்று செடிகளில் உள்ளன என்பது அதில் கண்டறியப்பட்டது. குடசப்பாலையும் கிலுகிலுப்பை வகையொன்றும் அவற்றில் இரண்டு, மூன்றாவது ஆவாரை. இவற்றை உட்கொண்ட எலிகளின் ஈரலில் சிதைவு காணப்பட்டது. எலியில் கண்டது மனிதனுக்கு அவ்வாறே பொருந்தும் என்று முடிவுகட்டுவது விஞ்ஞானமாகாது; ஆவாரம்பூ நீர் குடித்தவரெல்லாம் நோயுற்றனர் என்று அவ்வாய்வும் கூறவில்லை. ஆயினும் பக்கவிளைவு எதுவுமில்லை என்று பெட்டியின் மேல் அச்சிடும் உரிமையை அவ்வாய்வு எவருக்கும் விட்டுவைக்கவில்லை. இவ்வளவு காலம் கடந்தும் அச்செய்தி ஆய்வேட்டை விட்டு அடுக்களைக்கு வந்து சேரவில்லை என்பதே வெட்கத்துக்குரியது.

பிறநாட்டு அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் கலவை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து துன்புற்றனர். ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொன்று கலந்திருந்தமையே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பொடியாக்கிய பின் இன்ன செடி என்று எவரால் அறிய முடியும்? தமிழ் மருத்துவத்தில் வழங்கும் ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனத்தன என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2013இல் கேரளத்து மருத்துவர்கள் மற்றொரு செய்தியைப் பதிவு செய்தனர். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிக்காய்ச் சாற்றை அருந்திய பத்துப் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவர்களுள் ஏழு பேருக்கு இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியேற்பட்டது. கறியில் இடும்போது எவருக்கும் தீங்கு செய்யாத காய் அது. அளவு மாறியபோது அதுவே நஞ்சாயிற்று.

இரண்டாவது கூற்று முன்னோரின் பெயரால் முன்வைக்கப்படுவது. முன்னோர் உண்மையில் என்ன செய்தனர்? சித்த மருத்துவத்தில் மூலிகையை அவித்து இறுத்த நீருக்குக் குடிநீர் என்று பெயர். எட்டுக் கோப்பை நீரை ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சுவது அதன் முறைகளுள் ஒன்று. அதன் வீரியம் மூன்று மணி நேரமே நிற்கும் என்று கொள்ளப்பட்டது. இன்ன நோய்க்கு, இத்தனை வேளை, இன்ன பத்தியத்துடன் என்ற வரையறையின்றி அது கொடுக்கப்படவில்லை. யாழ்ப்பாண மன்னர் காலத்தில் எழுந்த செகராசசேகரமும் பரராசசேகரமும் நோயை வகுத்தே மருந்தை உரைக்கின்றன. வீட்டிலிருந்த பாட்டியும் ஏட்டுக்கல்வி இல்லாமலே இவ்வொழுங்கைப் பேணினாள். குடிப்பவர் பச்சிளங் குழந்தையா, பிள்ளைத்தாய்ச்சியா, வேறு மருந்து உண்பவரா என்று கேட்ட பின்னரே அவள் அடுப்பை மூட்டினாள். செடியைக் கண்ணால் கண்டு, கையால் பறித்து, மூக்கால் மணந்து அறிந்தவள் அவள். நோய் தீர்ந்தவுடன் குடிநீரும் நின்றது.

அவ்வாறாயின் நாள்தோறும் காலை மாலை கோப்பையில் பருகும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அது மருத்துவத்தின் பழக்கமன்று, தேயிலையின் பழக்கம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டதை அடுத்து, மலையகத் தமிழரின் வியர்வையில் வளர்ந்த வர்த்தகமே இந்நாட்டை நாள்தோறும் தேநீர் பருகும் நாடாக்கியது. அந்தக் கோப்பைக்குள் இன்று மூலிகையை ஊற்றி, ஈராயிரம் ஆண்டு மரபு என்று பெயரிடுகின்றனர். செடி மரபுக்குரியது என்பது உண்மை. அதனைப் பருகும் முறையோ சந்தைக்குரியது. நோயுள்ளவனுக்கு மட்டும் மருந்து விற்றால் நோய் தீர்ந்ததும் வியாபாரம் நின்றுவிடும். நோயில்லாதவனையும் நாள்தோறும் குடிக்கச் செய்தால் அது ஒருபோதும் நிற்காது. மரபின் விதிகளைக் களைந்துவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது மரபுக்குச் செய்யும் மரியாதையாகாது.

மூன்றாவது கூற்றே மிகவும் கொடியது. ஏனெனில் அது தனிமனிதனைக் கோப்பையின் முன் அமர்த்திச் சமூகத்தை மறக்கச் செய்கிறது. 2020 டிசம்பரில், கொள்ளைநோய்க் காலத்தின் நடுவே, கேகாலைப் பகுதியில் ஒருவர் தயாரித்த பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். அதனைப் பகிரங்கமாகப் பருகிய அன்றைய சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் தொற்றுக்குள்ளானார். இது நகைப்புக்குரிய செய்தியன்று. நம்பிக்கையை மருந்தாக்கும் மனப்பாங்கு ஆட்சிபீடம் வரை சென்றதற்கு இது சான்று. நீரிழிவுக்கு நல்லது என்ற சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ நீரை மட்டும் பருகும் நோயாளி, கால் அழுகிய பின்னரே புத்தளம் ஆதார வைத்தியசாலையை நாடுவானாயின், அதற்குப் பொறுப்பு அவன் மட்டுமா?

வண்ணாத்திவில்லின் நிலையையே எடுத்துக்கொள்க. வில்லு என்பது இயற்கையாக நீர் தேங்கும் நிலைக்கு வழங்கும் பெயர். நீரின் பெயர் தாங்கிய இப்பகுதியின் நிலத்தடியிலோ சுண்ணக்கல் பரந்து கிடக்கிறது. சுண்ணக்கல்லின் ஊடே ஊறிவரும் நீர் வன்னீராகவே இருக்கும். காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்படலமாக அது படிவதை இல்லத்தரசிகள் நன்கறிவர். 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து உயிர்களைக் காவுகொண்டது. கொழும்பின் கழிவைக் கொட்டுவதற்கு இப்பிரதேசத்து அருவக்காடு தெரிவு செய்யப்பட்டது. புத்தளத்து மக்கள் இன மத வேறுபாடின்றி அதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். தங்கள் ஆரோக்கியம் எதில் தங்கியுள்ளது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நீர், நிலம், வைத்தியசாலை, வைத்தியர் ஆகியவற்றைக் கேட்பவனுக்கு மூலிகைப் பொட்டலத்தைக் காட்டுவது, பசியென்று வந்தவனுக்கு நோன்பின் மகிமையை எடுத்துரைப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வாறு வாதிப்பது மேல்நாட்டு மருந்துக் கம்பனிகளுக்குத் துணைபோவதாகும் எனச் சிலர் கூறக்கூடும். கம்பனிகளின் இலாப வேட்கை மறுப்பதற்கில்லை. ஆனால் மாத்திரையின் உறையில் அளவும் எச்சரிக்கையும் எழுதப்பட வேண்டும் என்று கேட்கும் நாக்கு, மூலிகைப் பெட்டியின் முன் மட்டும் ஏன் அடங்க வேண்டும்? ஏழைகளின் மருந்தைப் பறிக்கலாகாது என்றும் கூறுவர். ஏழையின் மருந்து வேலியோரத்தில் விலையின்றி நிற்கிறது. பெட்டியில் இருப்பது ஏழையினுடையதன்று.

ஆகவே செய்யத்தக்கவை தெளிவானவை. விற்கப்படும் ஒவ்வொரு பொட்டலத்திலும் செடியின் பெயர், அளவு, எத்தனை நாள் பருகலாம், யார் பருகலாகாது என்பன மூன்று மொழிகளிலும் எழுதப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சித்த மருத்துவ மாணவரும் பேராதனை விஞ்ஞான மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து இச்செடிகளை ஆராய்தல் வேண்டும். கிராமத்து முதியோரிடம் கைமருந்து சேகரிக்கச் செல்லும் கலைப்பீட மாணவர், எதற்கு எது நல்லது என்பதோடு நின்றுவிடாது, எவருக்கு எது ஆகாது என்று அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மரபின் அறிவு பெரிதும் அந்த இரண்டாம் பகுதியிலேயே உறைகின்றது. முதலில் அழிந்துகொண்டிருப்பதும் அதுவே.

தமிழில் குடிநீர் என்னும் சொல் மருந்துக் கஷாயத்தையும் குறிக்கும். குடிக்கும் நீரையும் குறிக்கும். இரண்டாவது தூயதாக இல்லாத ஊரில் முதலாவதைப் பற்றிப் பெருமை பேசிப் பயனில்லை. வண்ணாத்திவில்லின் ஆவாரை அடுத்த பருவத்திலும் பூக்கும். அதனைக் காய்ச்சுவதற்கு நல்ல நீரையும், காய்ச்சும் அளவை அறிந்த கையையும் காப்பாற்றுவதே இன்றைய கடமை.