ஆட்டைத் தேடிச் சென்ற காவலர்



சாந்தோம் பேராலயத்தில் ஞாயிறு திருப்பலி கண்டு, கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்வோர், மயிலாப்பூரின் விளிம்பில் காமராசர் சாலையில் நிற்கும் காவல்துறைத் தலைமையகத்தை அறிவர். பணியில் உயிர்நீத்த காவலர்க்கென ஒரு நினைவுச்சின்னம் அங்கே உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் நாள் அதன் முன் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகின்றனர். 1959ஆம் ஆண்டு அதே நாளில், லடாக்கின் பனிமலைகளுக்கிடையே ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில், சீனப் படையினரின் குண்டுகளுக்கு இரையான 10 காவலரின் நினைவாக எழுந்த நாள் அது. எல்லையில் வீழ்ந்தவரை மட்டுமன்று, நம் சிற்றூர்களின் தெருக்களிலும் பாதைகளிலும் வீழ்ந்தவரையும் அந்நாள் நினைவுகூர்கின்றது. அவர்களுள் ஒருவரைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தில் சிறப்பு உதவி ஆய்வாளராகப் பணியாற்றியவர் பூமிநாதன். அப்பதவியின் பொருளை நம்மில் பலர் அறியோம். நேரடியாகத் தேர்வு எழுதி உதவி ஆய்வாளராவது ஒரு வழி. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பத்து ஆண்டுகளில் முதல்நிலைக் காவலராகி, மேலும் ஐந்து ஆண்டுகளில் தலைமைக் காவலராகி, இன்னும் பத்து ஆண்டுகள் கழித்துத் தோளில் நட்சத்திரம் ஏந்துவது அவர் காலத்தில் மற்றொரு வழியாக இருந்தது. இவ்வாறு இருபத்தைந்து ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும், திருவிழாக் கூட்டத்திலும் தேர்தல் நாளிலும் நின்று தேய்ந்தவருக்கே ‘சிறப்பு’ என்னும் அடைமொழி அன்று கிட்டியது. உலகம் அறியும் பெயர் அவர்களுக்கு இல்லை. தம் காவல் எல்லைக்குள் வாழும் மக்கள் அறிந்தால் அதுவே பெரிது.

2021ஆம் ஆண்டு நவம்பர் 21. அன்று நாம் கிறிஸ்து அரசர் பெருவிழாவைக் கொண்டாடினோம். அந்த ஞாயிறு விடியுமுன், இரவு ரோந்துப் பணியிலிருந்த பூமிநாதன், இருசக்கர வண்டிகளில் ஆடுகளுடன் விரைந்தவர்களைக் கண்டு ஐயுற்றார். நிறுத்தச் சொல்லியும் நில்லாது பறந்தவர்களைத் தம் வண்டியில் துரத்திச் சென்றார். திருச்சி மாவட்ட எல்லையையும் கடந்து, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூருக்கு அருகே பள்ளத்துப்பட்டி வரை அவர்களைத் தொடர்ந்து, இறுதியில் தனியராகவே மடக்கிப் பிடித்தார். தம் எல்லை முடிந்தது என்று அவர் திரும்பியிருந்தால் யார் குறை கூறியிருப்பர்? போனவை ஆடுகள்தாமே என்று விட்டிருந்தால் எவர் அறிந்திருப்பர்? ஆனால் கிராமத்தில் ஆடு என்பது வெறும் ஆடன்று. மகளின் திருமணமும் மகனின் பள்ளிக் கட்டணமும் முதியவரின் மருத்துவச் செலவும் அந்தக் கொட்டிலில்தான் கட்டப்பட்டுள்ளன. வங்கியை அறியாத ஏழைக்கு ஆடே வங்கி. அதனை அறிந்தவர் துரத்திச் சென்றார்.

பிடித்த பின் அவர் செய்த செயலே நம் நெஞ்சைத் தொடுகின்றது. பிடிபட்டவர்களுள் ஒருவரின் தாயாரோடு கைப்பேசியில் அவர் பேசி அறிவுரை கூறினார் என்று, அந்நாளில் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு பின்னர் தெரிவித்தார். அந்த இருட்டில், தனியாக நின்ற வேளையிலும், தம் முன் நின்றவர்களைக் கள்வர் என்று மட்டும் அவர் காணவில்லை. ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் என்றும் கண்டார். அவர்கள் அரிவாளால் அவரை வெட்டிச் சாய்த்தனர். பொழுது விடிந்தபோது அங்கே அவர் உடலே கிடந்தது. இக்கொலைக்காகக் கைதானவர் மூவர், மூத்தவருக்கு வயது 19, ஏனையோர் சிறுவர்.

நூறு ஆடுகளுள் ஒன்றைத் தேடிப் போன ஆயனின் உவமையை நாம் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வருகின்றோம். பூமிநாதன் தேடிச் சென்றதும் ஆடுதான். ஆனால் அங்கே வழிதவறியவை நான்கு கால் ஆடுகள் மட்டுமல்ல என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் எம்மறையினர் என்ற கேள்வி இங்கே எழவேண்டியதில்லை. சமாரியன் எம்மறையினன் என்று காயப்பட்டவன் கேட்டானா?

நிற்க. காக்கி உடை அணிந்தோர் அனைவரும் இத்தகையோர் என்று நாம் கூறவில்லை. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாள்களிலேயே அடுத்தடுத்து உயிரிழந்ததை மறப்பவர் யார்? அவ்வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறை காவலர் ஒன்பதின்மர்மீது குற்றப்பத்திரிகை அளித்தது. ஆயினும் அதே நிலையத்தில் தலைமைக் காவலராக இருந்த ரேவதி என்னும் பெண்மணி, உடன் பணியாற்றுவோரின் பகைக்கு அஞ்சாது, தாம் கண்டதை நீதித்துறை நடுவர் முன் உரைத்தார். ஒரே உடை; ஒரே நிலையம். ஆக, மனிதரை நல்லவராக்குவது உடையன்று. எவரும் காணாத வேளையில் விழித்திருக்கும் மனச்சான்றே.

யோர்தான் கரையில் திருமுழுக்கு அருளப்பரிடம் படைவீரர் வந்து, தாங்கள் செய்யவேண்டியது யாது என வினவியதை லூக்கா குறித்து வைத்துள்ளார். அவர்களை வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை அருளப்பர். எவரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்கவேண்டாம், பொய்க்குற்றம் சாட்டவேண்டாம், பெறும் ஊதியத்தில் நிறைவு கொள்க என்பதே அவர் அறிவுரை. காவல் பணி தன்னளவில் தூயதே என்பதற்கும், அதில் தவறும் வாய்ப்பு மிகுதி என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுமோ?

பூமிநாதனின் மறைவுக்குப் பின் அரசு அவர் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் வழங்கியது. ரோந்து செல்வோர் துப்பாக்கி எடுத்துச் செல்லவேண்டும், உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் தற்காப்புக்காக அதைப் பயன்படுத்தத் தயங்கவேண்டாம் என்று தலைமை இயக்குநர் அறிவுறுத்தினார். அரசும் துறையும் தம் கடமையைச் செய்தன. நம் இல்லங்கள் செய்தது யாது?

அந்தக் கைப்பேசி அழைப்பை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். பொழுது விடியுமுன் ஒரு தாய்க்கு அழைப்பு வருகின்றது: உங்கள் பிள்ளை இங்கே நிற்கின்றான். பெற்றோரே, அவ்வேளையில் நம் பிள்ளை எங்கிருக்கின்றான் என்று நாம் அறிவோமா? யாரோடு செல்கின்றான், அவன் பையில் உள்ள பணம் எவ்வழி வந்தது என்று என்றேனும் அன்போடு கேட்டிருக்கின்றோமா? காவல் பணியில் பாதிதான் காவல் நிலையத்தில் நடக்கின்றது; மறுபாதி நம் வீட்டுக் கூடத்தில், இரவு உணவு வேளையில், குடும்ப செபத்தின்போது நடக்கவேண்டியது. நாம் செய்யத் தவறிய அறிவுரையைச் சாலையோரத்தில் செய்யப்போய் ஒருவர் உயிரிழக்க வேண்டுமா?

மற்றுமொன்று. உண்ண மறுக்கும் குழந்தையிடம், “போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்று அச்சுறுத்தும் வழக்கம் நம் வீடுகளில் உள்ளது. இன்றே அதனை விட்டொழிப்போம். ஆபத்தில் ஓடிச்சென்று அடையவேண்டியவரைப் பூச்சாண்டியாக்கிக் காட்டினால், நாளை வழிதவறிய பிள்ளை உண்மையான உதவியைக் கண்டும் ஓடிவிடுமன்றோ? தியாகராய நகரில் தீபாவளிக் கூட்டத்தினிடையே கால்கடுக்க நிற்கும் காவலரையும், அடையாற்றுச் சந்திப்பில் புகையை விழுங்கிக்கொண்டு வழிகாட்டும் பெண் காவலரையும் பெயர் சொல்லி வணங்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அவர்கள் சட்டையிலேயே பெயர் எழுதியிருக்கின்றது, நாம்தாம் படிப்பதில்லை.

நவம்பர் திங்களில் இறந்தோர்க்காகக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, நம் உறவினர் பெயர்களோடு, நமக்கு உறவில்லாத ஒருவர் பெயரையும் சேர்த்துக்கொள்வோம். ஏழையின் ஆட்டுக்காக இரவெல்லாம் ஓடி, கள்வனின் தாயை அழைத்துப் பேசிய அந்தக் காவலருக்கு இறைவன் நித்திய இளைப்பாற்றி அருள்வாராக. அவரைக் கொன்றவர் என்று குற்றம் சாட்டப்பட்ட இளையோருக்காகவும் செபிக்க மறவாதிருப்போம். அவர்களைத் தாயின் பிள்ளைகளாகக் கண்டவர் அவரே அன்றோ?