இரவு எட்டு மணிக்கு அவளுக்கு அங்கே என்ன வேலை?

2024 டிசம்பர் 23 அன்று இரவு, சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். உடன் இருந்த நண்பரை அடித்து விரட்டிவிட்டு அக்குற்றம் நடந்தது. செய்தி வெளிவந்ததும் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் எழுந்த முதல் கேள்வி, வெளியாள் ஒருவன் எப்படி உள்ளே நுழைந்தான் என்பதன்று. வளாகத்தின் அந்தப் பகுதி ஏன் இருண்டு கிடந்தது என்பதுமன்று. "இரவு எட்டு மணிக்கு அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்பதே முதல் கேள்வி. அதன் பின்னே வந்தது தீர்ப்பு: "நம் பிள்ளைகளைப் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே உத்தமம்."

கேள்வியைக் கேட்டவர்கள் விடையையும் கேட்கட்டும். என்ன வேலை? உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் மாணவிக்கு, அவற்றுக்கு ஊட்டநீர் மாற்றும் வேளை வந்தால் ஐந்து மணிக்கு மணியடித்துவிட்டது என்று எழுந்து வர இயலாது. நுண்ணுயிரின் வளர்ச்சியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பவள், ஓர் அளவைத் தவறவிட்டால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலையுயர்ந்த கருவி துறைக்கு ஒன்றுதான் இருக்கும். பகலில் அது பேராசிரியர்களுக்கும் மூத்தவர்களுக்கும் ஒதுக்கப்பட, இளைய ஆய்வாளருக்குக் கிடைப்பது இரவு நேரமே. மருத்துவ மாணவியின் இரவுப் பணியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிரசவ வலி கண்ட நம் வீட்டுப் பெண்ணுக்கு நள்ளிரவில் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் நாமே. அந்த மருத்துவர் நள்ளிரவில் ஏன் வெளியே இருந்தார் என்று கேட்பவர்களும் நாமே.

மார்க்கத்தின் பெயரால் பேசுகிறவர்கள் மார்க்கத்தையே முன்வைத்துப் பேசட்டும். பெண்கள் இரவு நேரத்தில் பள்ளிவாசலுக்குச் செல்ல அனுமதி கேட்டால் தடுக்க வேண்டாம் என்ற நபிமொழியை இப்னு உமர் (ரலி) அறிவித்தார்கள். அப்போது அவர்களுடைய மகன்களில் ஒருவர், அனுமதித்தால் அதைத் தவறான வழிக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள், நாங்கள் தடுப்போம் என்றார். இன்றைய வாட்ஸ்அப் வாதமும் இதுவேதான். இப்னு உமர் (ரலி) அந்த மகனை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் இந்த ஹதீஸை ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறோம். மிம்பரில் மட்டும் அது ஏனோ காணாமற் போய்விடுகிறது.

அண்ணலார் (ஸல்) இஃதிகாஃபில் இருந்த ரமளானின் கடைசிப் பத்து நாட்களில், அன்னை ஸஃபிய்யா (ரலி) இரவில் பள்ளிவாசலுக்கு வந்து அவர்களைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்னையார் திரும்ப எழுந்தபோது அண்ணலாரும் எழுந்து துணையாக நடந்து வந்தார்கள். இரவில் ஏன் வந்தாய் என்ற கேள்வி அங்கே எழவில்லை. நமது ஊரில் கேள்வி கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். துணைக்கு நடக்கத்தான் ஆள் இல்லை.

இன்னும் நெருக்கமான சான்று, அவதூறுச் சம்பவம். படை திரும்பிவரும் வழியில், தொலைந்த கழுத்துமாலையைத் தேடச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) தனித்து விடப்பட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) தம் ஒட்டகத்தில் அவர்களை ஏற்றி, தாம் அதன் கயிற்றைப் பிடித்து நடந்தே வந்து படையோடு சேர்த்தார்கள். மதீனாவின் நயவஞ்சகர்கள் என்ன செய்தார்கள்? தனித்திருந்த பெண்ணைப் பற்றிக் கதை கட்டினார்கள். அந்தக் கதையை நாவுக்கு நாவு கடத்தியவர்களைக் கண்டித்தே அந்நூர் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. கிண்டி மாணவி நண்பருடன் பேசிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கைபேசியில் விரல் சலிக்காமல் பகிர்ந்தவர்கள் தாங்கள் அன்று மதீனாவில் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும். முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து அப்பெண்ணின் அடையாளம் வெளிப்பட்டது. அவ்வறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவர் மீது பழி சுமத்துவதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்கச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்ததால் வந்த தீர்ப்பு இது. "ஏன் போனாய்" என்ற கேள்விக்கு அஞ்சி அவர் வாய் மூடியிருந்தால், அவன் இன்றும் வெளியேதான் திரிந்திருப்பான்.

நாம் சொல்ல வரும் செய்தியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அந்தக் குற்றவாளி காணொளி எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டினான். அத்தகைய மிரட்டலுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? வீட்டில் தெரிந்தால் படிப்பு போய்விடும் என்ற அச்சத்திலிருந்து. "ஏதேனும் நடந்தால் மறுநாளே வீட்டுக்கு வா" என்று சொல்லும் தந்தை, மகளைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, அவளை மிரட்டுபவனின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறார். அச்சம்பவத்துக்குப் பின் இரண்டு மாதங்களில் மூன்று குடும்பத்தார் நம்மிடம் வந்து, மகளின் மேற்படிப்பைத் தொடரலாமா என்று கேட்டார்கள். மூவரிடமும் நாம் திருப்பிக் கேட்டது ஒன்றே: ஆய்வகத்தில் ஒருவன் தகாத சொல் சொன்னால், உங்கள் மகள் அதை உங்களிடம் வந்து சொல்வாளா? இருவர் மௌனமாக இருந்தார்கள். ஒரு தாய் மட்டும், "அத்தாவிடம் சொல்ல மாட்டாள், ஹஜ்ரத், என்னிடமும் சந்தேகந்தான்" என்றார்.

அரசுகளும் இதே பாடத்தைத்தான் ஓதுகின்றன. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில், நெடும்பணியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கச் சென்ற பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். உடனே மேற்கு வங்க அரசு, இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும் என்று அறிவித்தது. பாதுகாப்புத் தருவதே உங்கள் கடமை, பெண்கள் இரவில் பணியாற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியரின் நடமாட்டத்தைக் குறுக்கக் கூடாது என்கின்றன. வளாகத்தில் போதிய விளக்கும் போக்குவரத்தும் வேண்டும் என்கின்றன. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. உங்கள் மகள் படிக்கும் வளாகத்தில் விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் இடையே எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று என்றாவது போய் எண்ணியிருக்கிறீர்களா? கட்டணம் கட்டப் போகும் தந்தையர், மாலையில் அரை மணி நேரம் தங்கி அவ்வழியே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பலாமே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே நம் பெண்மக்களுக்கும் சில சொற்கள். தாமதமாகத் தங்கும் நாளில் எந்தக் கட்டடம், எந்த அறை, எப்போது திரும்புதல் என்பதை வீட்டில் ஒருவருக்கும் வளாகத்தில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். கைபேசியில் இருப்பிடத்தைப் பகிருங்கள். வாயிற்காவலரின் எண்ணும், 112, 181 ஆகிய எண்களும் கையில் இருக்கட்டும். இயன்றவரை இரவு வேலையை இன்னொரு மாணவியின் இரவு வேலையோடு பொருத்திக்கொள்ளுங்கள். அந்நிய ஆணுடன் தனித்திருத்தல் பற்றிய மார்க்கச் சட்டத்தைப் பழமை என்று நகைப்பவர்கள் உண்டு. மூடிய அறையில் இரவு ஒன்பது மணிக்கு ஆய்வேட்டைத் திருத்தலாம் வா என்று அழைக்கும் நெறியாளரின் முன், அந்தச் சட்டமே உங்கள் கவசம். கதவு திறந்திருக்கட்டும், மூன்றாமவர் இருக்கட்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். அதற்காக ஒருவர் முகம் சுளித்தால், அச்சுளிப்பே உங்களுக்கு எச்சரிக்கை. எல்லை மீறினால் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். அக்குழுவுக்குத் தலைமை தாங்குபவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

ஆபத்து மனிதனிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இரவில் கடைசல் இயந்திரத்தில் தனியே வேலை செய்த மாணவி ஒருவர் கூந்தல் அதில் சிக்கி இறந்தார். நிறுத்துப் பொத்தானை அழுத்த அருகில் ஒருவரும் இல்லை. சுழலும் இயந்திரத்தின் அருகிலும் சுடரின் அருகிலும் முக்காட்டின் முனை தொங்கக் கூடாது, மேலங்கிக்குள் செருகிக்கொள்ளுங்கள். நைலான் துணி உருகி உடலில் ஒட்டும், பருத்தியே ஏற்றது. இதைச் சொல்லிக் கொடுப்பதும் ஹிஜாபைப் பற்றிய பாடமே.

மகன்களைப் பெற்றவர்கள் இதுவரை நிம்மதியாக வாசித்திருப்பார்கள். பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை அல்லாஹ் முதலில் இறக்கியது ஆண்களை நோக்கித்தான். பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று அண்ணலார் (ஸல்) சொன்னபோது, பார்வையைத் தாழ்த்துவதையும் பிறருக்குத் துன்பம் தராமல் இருப்பதையும் அதில் சேர்த்தார்கள். பல்கலைக்கழகத் தேநீர்க் கடை வாசலும் பாதைதான். மகளுக்கு ஆறு மணி எல்லை வைக்கும் வீட்டில், மகன் பத்து மணிக்கு எங்கே நிற்கிறான், யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று கேட்பவர் எத்தனை பேர்?

ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர வேறு எவருக்கும் அஞ்சாமல் பயணம் செய்து வந்து கஅபாவைத் தவாஃப் செய்யும் காலம் வரும் என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் அண்ணலார் முன்னறிவித்தார்கள். அதைத் தம் வாழ்நாளிலேயே கண்டதாக அதீ (ரலி) அறிவிக்கிறார்கள். பெண்ணின் தனிப்பயணம் குறித்த சட்ட விவாதத்தை முஃப்திகளிடம் விட்டுவிடுவோம். ஆனால் நல்லாட்சியின் அடையாளமாக அந்நபிமொழி காட்டுவது அச்சமற்ற வழியை. பூட்டிய வீட்டை அன்று.

நம் ஜமாஅத்துக்கு ஒரு வேன் இருக்கிறது. ரமளானில் தராவீஹுக்குப் பெண்களை ஏற்றி இறக்குகிறது. மற்றப் பதினோரு மாதமும் இரவில் பள்ளிவாசல் மதிலோரம் நிற்கிறது. நம் மஹல்லாவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் சென்றுவரும் பெண்மக்கள் பதினான்கு பேர். இஷாவுக்குப் பின் ஒருமுறை, ஒன்பதரைக்கு ஒருமுறை அந்த வேன் வளாக வாசல் வரை போய்வர வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் மாத டீசல் செலவை மதரஸா ஆசிரியர்களான நாங்கள் நால்வரும் ஏற்பதாகவும் அதில் எழுதியிருக்கிறோம். கடிதம் கொடுத்து மூன்று ஜும்ஆக்கள் கடந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.