சர்வோ சார், கொஞ்சம் அடங்குங்க!

எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் என்ஃபீல்டு கேட்டைத் தாண்டும்போதெல்லாம் ‘நமக்கு உள்ளே ஒரு வேலை கிடைக்குமா?’னு எட்டிப் பார்க்கிற பார்ட்டியா நீங்க? அப்போ சர்வோவோட ஃப்ரெண்ட் ஆகிடுங்க. சி.என்.சி. மெஷினை நகர்த்துறதே அவர்தான்!

மேட்டர் சிம்பிள். மோஷன் கன்ட்ரோலர்தான் மூளை. அனலாக் டிரைவ் என்றால், மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை சிக்னல் கொடுத்து வேகத்தைச் சொல்லும். டிரைவ் மோட்டாருக்குக் கரன்ட் தரும். எவ்வளவு சுத்தியதுனு என்கோடர் திருப்பிச் சொல்லும். 2,500 கோடு என்கோடர் என்றால், நாலால் பெருக்கி ஒரு சுற்றுக்கு 10,000 கவுன்ட். 10 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூவில் ஒரு கவுன்ட் ஒரு மைக்ரான்!

வில்லன் இங்கேதான் என்ட்ரி. என்கோடரின் ஏ, பி வயர்கள் இடம் மாறினால், மோட்டார் முன்னால் போகும். கன்ட்ரோலரோ பின்னால் போவதாக நம்பி இன்னும் விரட்டும். கண் இமைப்பதற்குள் முழு வேகம்!

அதனால மூணு விஷயம்...

* முதல் டெஸ்ட்டில் மோட்டாரை மெஷினோடு இணைக்காதீங்க. இறுக்கிப் பிடித்துவைத்து, பவர் இல்லாத ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, கவுன்ட் சரியான திசையில் ஏறுதானு பாருங்க.

* டார்க் லிமிட்டையும், ஃபாலோயிங் எரர் எல்லையையும் குறைச்சு வைங்க.

* எமர்ஜென்சி ஸ்டாப்பை சாஃப்ட்வேரை நம்பி விடாதீங்க. தனி வயரிங்கில் டிரைவின் பவரையே நிறுத்தணும்.

லேபில் மார்க் போனா அரியர் எழுதலாம். விரல் போனா..? அதுக்கு அரியர் கிடையாது பாஸ்!