எச்சிலைக் கொடுக்கும் முன் இடுப்பை அளந்து பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் என்றால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் சுற்றுகிறது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ஜீனைப் படித்து, யாருக்கு எந்த நோய் வரும், யார் எதைச் சாப்பிட வேண்டும் என்று ஆளுக்கொரு ரிப்போர்ட் தருவார்களாம். குழந்தைக்குப் பாட்டு வருமா, ஓட்டப்பந்தயம் வருமா என்பதும் அதில் உண்டாம். ஐந்து பேர் சேர்ந்தால் தள்ளுபடி. என் பழைய மாணவர்கள் சிலர் அப்பா அம்மாவுக்கு இதைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கும் ஒன்று அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. டாக்டர் இல்லை. ஆனால் பின்னமும் விழுக்காடும் முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியவள். இந்த வியாபாரம் முழுக்க விழுக்காட்டில்தான் ஓடுகிறது. "உங்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்து இரண்டு மடங்கு" என்று சிவப்பு எழுத்தில் போடுவார்கள். எதன் இரண்டு மடங்கு? 100 பேரில் ஒருவருக்கு வருவது இரண்டு பேருக்கு வரும் என்றால் அதுவும் இரண்டு மடங்குதான். 98 பேருக்கு அப்போதும் வராது. ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் இதில் ஏமாறக் கூடாது.

அடுத்தது, அந்த ஆபத்தை எந்த மக்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பது. நோய்க்கும் ஜீனுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய உலக ஆய்வுகளில் இதுவரை பங்கேற்றவர்களில் பெரும்பாலோர், ஏறத்தாழ 100-க்கு 80 பேர், ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துத் தயாரித்த மதிப்பெண் நம்மைப் போன்றவர்களுக்கு அதே அளவு சரியாக வராது என்று அந்தத் துறை ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். வேறு பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளின் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் தாளைத் திருத்துவது மாதிரி.

மறுபக்கமும் உண்டு. இதயத் தசைக்கான ஒரு ஜீனில் 25 எழுத்து விடுபட்டுப்போன மாற்றம் தெற்காசியர்களில் 100-க்கு 4 பேரிடம் இருக்கிறது. வயதான பிறகு இதயம் பலவீனமாகும் ஆபத்தை அது கூட்டுகிறது என்று 2009-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஐரோப்பியர்களை மட்டும் தேடியிருந்தால் அது அகப்பட்டிருக்காது. அதனால்தான் 10,000 இந்தியர்களின் முழு மரபணுவைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தை நான் மதிக்கிறேன். 2025 ஜனவரியில்தான் அந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. அதற்குள் பலன் சொல்லும் கடை மட்டும் வாசலுக்கு வந்துவிட்டது!

சர்க்கரை நோய்க்கு வருவோம். நம் வீடுகளில் அது இல்லாத வீடு ஏது? நம்மைப் பற்றி நம் ஊரிலேயே சேர்த்த தரவு இருக்கிறது, அதற்கு எச்சில் வேண்டாம். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் ஊர்மக்களை ஆராய்ந்து 2005-ல் ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். நான்கே கேள்வி: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, தாய் தகப்பனுக்குச் சர்க்கரை உண்டா. மொத்தம் 100 மதிப்பெண். 60-ஓ அதற்கு மேலோ வாங்கினால் ஆபத்து அதிகம். (இந்த ஒரு பரீட்சையில் மட்டும் குறைந்த மார்க் எடுங்கள்.) தாய் தகப்பன் கேள்வி இருக்கிறதே, அதுதான் காசில்லாத ஜீன் பரிசோதனை. உடல் எடைக் குறியீட்டில் உலகம் முழுவதும் 25-ஐ எல்லை என்பார்கள். ஆசியர்களுக்கு 23-லேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 2004-ல் சொல்லிவிட்டார்கள். ஒல்லியாக இருக்கிறேன், தொப்பை மட்டும்தான் என்று சிரிக்கும் மருமகப்பிள்ளைகள் கவனிக்கவும்.

தடுக்க முடியுமா? முடியும். சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு 2006-ல் வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் விடாமல் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39 விழுக்காடு. மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவுதான். யாருடைய ஜீனையும் பார்த்து ஆள் பிரிக்கவில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வரும் தன்னார்வலப் பெண்ணிடம் "எங்களுக்கு ஒன்றுமில்லை, போம்மா" என்று கதவைச் சாத்திவிட்டு, உள்ளே போய் சில ஆயிரம் ரூபாய்க்கு எச்சில் குழாய் ஆர்டர் செய்கிற வீடுகளை எனக்குத் தெரியும். கோபம் வராமல் என்ன செய்யும்?

இத்தனை சொன்னதால் ஜீன் பரிசோதனையே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்தில் இளவயதிலேயே மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்த பெண்கள் இருந்தால், டாக்டரிடம் ஆலோசனை கேட்டு அந்த ஜீனைப் பார்ப்பது உயிர் காக்கும் விஷயம். ஏனென்றால் விடை தெரிந்தால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. நான் வைக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். காபி ஆகுமா ஆகாதா என்று தெரிந்துகொள்ள ஜீன் எதற்கு? குடித்தால் தூக்கம் வருகிறதா என்று பார்த்தால் போதாதா?

மரபணு அறிவு உடனே போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதுதான் என் மனத்தாங்கல். அரிவாள் செல் ரத்தசோகை நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பதை 1952-லேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அதை ஒழிப்பதற்கென்று தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். 71 வருடம்! அந்த மக்களுக்கு யாரும் தள்ளுபடி லிங்க் அனுப்பவில்லை.

தகவல் பாதுகாப்பையும் யோசியுங்கள். இந்தத் தொழிலில் பெரிய பெயரான அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-ல் திருடர்கள் நேரடியாகப் புகுந்தது சுமார் 14,000 கணக்குகளில். ஆனால் தகவல் வெளியே போனது ஏறத்தாழ 69 லட்சம் பேருடையது. உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக ஒருவரைத் தொட்டு இன்னொருவர் என்று போயிருக்கிறது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் போட்டது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம், ஜீனை மாற்ற முடியுமா? நீ துப்புவது உன் எச்சில் மட்டும் இல்லை கண்ணா. உன் அக்கா, சித்தப்பா, இன்னும் பிறக்காத உன் பிள்ளை, எல்லோருடைய கணக்கும் அதில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டாயா?

கடைசியாக, இதை எழுத உட்கார்ந்த காரணம். தை மாதம் நம் குடும்பத்தில் ஒரு கல்யாணம். அத்தை மகன், மாமன் மகள். பெயர் எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும். பத்துப் பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. தலசீமியா பார்த்தீர்களா? இந்தியாவில் 100-க்கு 3, 4 பேர் அதன் கடத்திகள். அவர்களுக்கு நோய் கிடையாது, ஏதோ லேசான ரத்தசோகை என்று பலருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கணவன் மனைவி இரண்டு பேருமே கடத்திகளானால், ஒவ்வொரு பிரசவத்திலும் கால் பங்கு வாய்ப்பு, வாழ்நாளெல்லாம் ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை. நான்கு பிள்ளையில் ஒன்று என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கால் பங்கு. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்றால், ஒரே குறை இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு வெளியாரைவிட அதிகம். தலசீமியா மட்டுமில்லை. சொந்தத்தில் கட்டிய வீடுகளிலிருந்து காது கேளாத அண்ணன் தங்கைகள் என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களின் முகம் எனக்கு இன்னும் தெரியும்.

இதற்கு ஹீமோகுளோபின் பகுப்பாய்வு என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். "பெண்ணுக்கு மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று யாரும் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. பையன் முதலில் கொடுக்கட்டும். அவன் கடத்தி இல்லை என்றால் இந்த நோயைப் பொறுத்தவரை கவலை அங்கேயே முடிந்தது. அவனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் பாருங்கள். இரண்டு பேருக்கும் இருந்தாலும் கல்யாணத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, கருவிலேயே பரிசோதிக்க வழி இருக்கிறது. மரபணு ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். சொந்தத்தில் கட்டுவதால் வரக்கூடிய மற்ற விஷயங்களையும் அவரிடமே கேளுங்கள். பத்திரிகை அச்சடிக்க இன்னும் நாள் இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் குழுவில் போட வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும்.