தொட்டால் பூ மலரும்: ஒரு பாட்டு, இரண்டு மெட்டு, மூன்று தலைமுறை

எங்கள் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஸ்ரீரங்கம் வீட்டில் எல்லோரும் கூடுவதென்று முடிவானது. பெங்களூருவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்துவிட்டான். அவன் மகளுக்குப் பதின்மூன்று வயது, நன்றாகப் பாடுவாள். "தாத்தாவுக்குப் பிடிச்ச பாட்டையே பாடப் போறேன் அத்தை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று என் காதில் கிசுகிசுத்தாள். பாட்டு, 'தொட்டால் பூ மலரும்'.

எனக்கு உள்ளுக்குள் பக்கென்றது. ஏனென்றால் அவள் பாடப்போவது அப்பாவின் பாட்டு இல்லை, தம்பியின் பாட்டு.

அப்பாவின் பாட்டு 1964 தீபாவளிக்கு வந்த 'படகோட்டி' படத்தில் இருக்கிறது. எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்தது. டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியிருப்பார்கள். தம்பியின் பாட்டு 2004-ல் வந்த 'நியூ' படத்தில் இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஹரிஹரனும் ஹரிணியும் பாடியது. அப்போது அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் நாள் முழுக்க அது ஓடும். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை முடிந்து வந்ததும் முதலில் அந்த டேப் ரெக்கார்டரைத்தான் அணைப்பார். "நல்ல பாட்டைக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்பார். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இந்தச் சண்டைக்கு இருபது வயது.

ரகசியம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மாடியில் அவள் ஒத்திகை பார்த்தது கீழே ஈஸி சேரில் இருந்த அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"என்னம்மா அது, தோட்டாலா? துப்பாக்கிச் சண்டையா நடக்குது?"

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடியிருக்கிறாள். அதில் 'தொ'வா 'தோ'வா, 'ல'வா 'ள'வா என்று எப்படித் தெரியும்? அப்பா கேலியாகத்தான் சொன்னார். கூடவே, "மெட்டும் அது இல்லையே. வேற ஏதாவது பாடேன்" என்றும் சொல்லிவிட்டார். குழந்தை முகம் சுருங்கிப்போய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு வரவில்லை. தம்பி அப்பாவோடு பேசவில்லை. விசேஷத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வழக்கமான ரீமிக்ஸ் இல்லை இது. 'பொன்மகள் வந்தாள்', 'மை நேம் இஸ் பில்லா' மாதிரி பாட்டுகளில் பழைய மெட்டை வைத்துக்கொண்டு தாளத்தையும் வாத்தியத்தையும் மாற்றினார்கள். இங்கே ரஹ்மான் வார்த்தையை வைத்துக்கொண்டு மெட்டையே புதிதாகப் போட்டார். அதனால் இதை வார்த்தைக்குச் செய்த மரியாதை என்று சொல்லலாம். மெட்டுக்குச் செய்த துரோகம் என்றும் சொல்லலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். வார்த்தையும் எங்களுடையது, பழைய மெட்டும் எங்களுடையது! எழுதிய வாலி ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன். இங்கே இருந்தபோது முருகன் பாட்டு ஒன்றை எழுதி டி.எம்.எஸ்.ஸுக்குத் தபாலில் அனுப்பி, அவர் அதற்கு மெட்டுப் போட்டுப் பாடிய கதை பிரசித்தம். 'படகோட்டி'யில் எல்லாப் பாடல்களும் வாலிதான். மெட்டமைத்த இரட்டையரில் ஒருவரான டி.கே.ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின் பரம்பரை. எம்.எஸ்.விஸ்வநாதனோடு அவர் சேர்ந்திருந்த காலத்தின் கடைசிப் படங்களில் ஒன்று 'படகோட்டி'. அடுத்த வருடமே இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

பழைய பாட்டின் அழகு அது ஓடுகிற ஓட்டம். பல்லவியில் ஆண் குரல் உலக வழக்கம் ஒன்றைச் சொல்லும். பெண் குரல் உடனே, 'எனக்கு அப்படியில்லை' என்று ஒரு விதிவிலக்கைச் சொல்லும். பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற மாதிரி. டி.எம்.எஸ். குரலில் கம்பீரம், சுசீலா குரலில் குறும்பு. யோசிக்க நேரமே கொடுக்காமல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

புதுப் பாட்டில் அந்த ஓட்டம் இல்லை. ஹரிஹரன் ஒவ்வொரு சொல்லையும் இழைத்து இழைத்துப் பாடுகிறார். போட்டி போய்விட்டது, அந்தரங்கம் வந்துவிட்டது. எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் ஊரறியக் காதலித்தார்கள் என்றால் இது காதோரம் பேசுகிற காதல். நான் பழைய பாட்டின் கட்சி. ஆனாலும் அந்த ராத்திரி, முப்பது வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும் ஒரு வரியின் அர்த்தத்தைப் புதுப் பாட்டில்தான் முதல்முறையாக நின்று கவனித்தேன்.

காலையில் அப்பாவுக்குக் காபி கொடுக்கும்போது இதைச் சொன்னேன். 'நியூ' படத்தில் 'காலையில் தினமும்' என்ற அம்மா பாட்டையும் அதே வாலிதான் எழுதினார் என்றேன். அந்தப் பாட்டு அப்பாவுக்குப் பிடிக்கும். முப்பத்திரண்டு வயதில் எழுதிய பாட்டு, எழுபத்திரண்டு வயதில் எழுதிய பாட்டோடு ஒரே படத்தில் வந்திருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பேத்தியின் அறைக் கதவைத் தட்டினார்.

"வாம்மா. மெட்டெல்லாம் அப்புறம். முதல்ல எனக்குப் பாட்டைப் படிச்சுக் காட்டு."

அடுத்த மூன்று நாள் திண்ணையில் அதுதான் நடந்தது. ஒரு நோட்டில் பெரிய பெரிய எழுத்தாக அப்பா தமிழில் எழுதிக் கொடுத்தார். ராகம் இல்லாமல் வெறும் வார்த்தையாகச் சொல்ல வைத்தார். 'தொ' குறில், 'தோ' நெடில். ஒரு எழுத்து நீண்டால் பூ மலராது, குண்டுதான் வெடிக்கும் என்று சொல்ல, அவளும் சிரித்துவிட்டாள். இரண்டாம் நாள் அவளே கேட்டாள்: "தாத்தா, உங்க பாட்டைப் போடுங்க, கேக்கலாம்." கேட்டுவிட்டு, "இதுல அவங்க பேசிக்கறாங்க. எங்க பாட்டுல நினைச்சுக்கறாங்க" என்றாள். இரண்டு பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட யாரும் எனக்குச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிறந்தநாளன்று புது மெட்டில்தான் பாடினாள். ஒரு எழுத்து பிசகவில்லை. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "வார்த்தை சுத்தமா இருந்துச்சு" என்றார். தம்பியைப் பார்த்து, "மெட்டும் பரவாயில்லைடா" என்றார். இருபது வருடத்துக்குப் பிறகு கிடைத்த 'பரவாயில்லை'. தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இப்ப நீங்க பாடுங்க தாத்தா" என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அப்பா பழைய மெட்டில் முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்தினார். அந்தப் பாட்டில் அடுத்த வரி பெண்ணுடையது. தனியாகப் பாட முடியாது.

சமையலறையிலிருந்து அம்மா அந்த வரியைப் பாடினார். கையில் கரண்டியோடு, வெளியே வராமலே. அம்மா பாடி நாங்கள் கேட்டதே இல்லை.

ராமமூர்த்தி, டி.எம்.எஸ்., வாலி மூவரும் 2013-ல், ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் அடுத்தடுத்து போய்விட்டார்கள். எம்.எஸ்.வி. 2015-ல் போனார். எது ஒசத்தி என்று இனி அவர்களிடம் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், மறுபடி பாடுகிறவர்கள் மெட்டை மாற்றட்டும், தாளத்தை மாற்றட்டும். வார்த்தை மட்டும் காதில் விழட்டும். வார்த்தை விழுந்துவிட்டால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களே பழைய பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்த நோட்டு இப்போது பெங்களூருவில் இருக்கிறது. போன வாரம் போனில் என்னிடம் கேட்டாள்: "அத்தை, அதே படத்துல வேற பாட்டும் இருக்காமே. தாத்தாவை எழுதி அனுப்பச் சொல்றீங்களா?"

அப்பா புது நோட்டு வாங்கியாகிவிட்டது.