பீர் ரசிகர்கள் போடாத கணக்கு

சனிக்கிழமை மாலை பெங்களூர் இந்திராநகர் நூறடி ரோடு பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் கொப்பரைகள் பளபளக்கின்றன. அவற்றுக்கு எதிரே மேஜை போட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மரப்பலகையில் வரிசையாகச் சின்னச் சின்னத் தம்ளர்கள். ஒன்றில் வைக்கோல் நிறம். ஒன்றில் தேன் நிறம். இன்னொன்றில் அசல் காப்பி டிகாக்‌ஷன் நிறம்!

“மச்சி, கோதுமை பீர் என்றால் பெல்ஜியம்தான்” என்கிறார் ஒருவர். “ஜெர்மனிக்காரனை விட்டுவிட்டாயே! வாழைப்பழ வாசனை வருகிறதா பார்” என்கிறார் அடுத்தவர். “ஐ.பி.ஏ.வின் கசப்பு பிடிக்காதவனுக்குப் பீரைப் பற்றிப் பேசவே உரிமை இல்லை” என்று தீர்ப்புக் கூறுகிறார் மூன்றாமவர். இந்தப் பட்டிமன்றம் முடிய இரவு பதினோரு மணி ஆகிவிடும்.

அதே நேரத்தில் ஸ்ரீராமபுரத்து ஒயின் ஷாப் ஒன்றில் வேறொரு காட்சி. பகல் முழுவதும் மூட்டை சுமந்த தொழிலாளி ஒருவர், “அண்ணே, ஒரு ஸ்ட்ராங்” என்று கேட்டு வாங்குகிறார். நின்றபடியே குடிக்கிறார். வாழைப்பழ வாசனை, தேன் நிறம் எதைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. ஏறுகிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

இந்த இரண்டு பேருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்று தோன்றும். ஆனால் இருவரும் செய்கிற தவறு ஒன்றுதான். ஒருவர் பாட்டிலின் பெயரைப் பார்க்கிறார். மற்றவர் போதையைப் பார்க்கிறார். பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை இருவருமே பார்ப்பதில்லை.

பெயர் ஓர் ஊர், சரக்கு ஓர் ஊர்

பீர் மோகம் பெங்களூருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் இங்கே கன்டோன்மென்டை நிறுவியபோதே பீரும் வந்துவிட்டது. பட்டாளத்துக்குப் பின்னால் கூலி வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் காண்டிராக்ட் தொழிலுக்கும் தமிழர்கள் வந்தார்கள். அல்சூரும் சிவாஜிநகரும் அப்படி நிரம்பியவைதான். 1915-ம் ஆண்டில் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து பீர் ஆலைகளை ஒன்று சேர்த்து யுனைடெட் பிரூவரீஸ் கம்பெனியைத் தொடங்கினார். பெரிய பெரிய பீப்பாய்களில் பட்டாளத்துக்குப் பீர் போயிற்று. சுதந்திரம் வந்த சமயத்தில் அந்தக் கம்பெனி விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. அன்று ஆலை நின்ற இடத்தில் இன்று யு.பி. சிட்டி நிற்கிறது.

2010-ம் ஆண்டை ஒட்டி, கடையிலேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் ‘மைக்ரோ பிரூவரி’கள் இங்கே முளைத்தன. இந்திராநகர், ஒயிட்பீல்டு என்று அவை பெருகின. ஆலையில் வரும் ஒரே மாதிரிப் பீரைக் குடித்துச் சலித்தவர்களுக்கு இது புது உலகமாக இருந்தது. அதோடு, கப்பலில் வரும் பாட்டில்களும் கடை அலமாரிகளை நிரப்பின. ‘எது உசத்தி?’ என்ற வாதம் அப்போதுதான் சூடு பிடித்தது.

அந்த வாதத்தில் முதலில் எழும் கூச்சல், ‘பாரின்தான் பாரின்’ என்பது. பர்மா பஜாரில் பாரின் சட்டை தேடிய காலத்து மயக்கம் இன்னும் தெளியவில்லை!

உண்மை என்ன? 1847-ல் கோபன்ஹேகனில் பிறந்தது கார்ல்ஸ்பெர்க். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெயர் பட்வைசர். ஹாலந்து நாட்டுப் பெயர் ஹைனகன். நம் ஊர்க் கடைகளில் இந்தப் பெயர்களில் விற்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை இந்திய ஆலைகளில், இந்தியத் தண்ணீரில், இந்தியத் தொழிலாளிகளின் கையால் நிரப்பப்பட்டவை. எங்கே தயாரானது என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறது. ‘இது டென்மார்க் தண்ணீரின் மகிமை’ என்று மேஜையில் அடித்துப் பேசுகிறவர் அந்த ஒரு வரியைப் படித்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. ‘நம்ம ஊர்ச் சரக்கு’ என்று பலர் பெருமைப்படும் கிங்ஃபிஷரைத் தயாரிக்கும் யுனைடெட் பிரூவரீஸில் பாதிக்கு மேற்பட்ட பங்கு 2021-ல் ஹைனகன் கம்பெனியிடம் போய்விட்டது. பாரின் என்று நினைப்பது இங்கே காய்ச்சியதாக இருக்கிறது. உள்ளூர் என்று நினைப்பதற்கு முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார். இதில் எந்தப் பெயருக்காகச் சண்டை போடுவது?

பச்சைப் பாட்டிலும் பால் பாக்கெட்டும்

நிஜமாகவே கப்பலில் வரும் பீர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பீர் என்பது பாலைப் போன்றது என்பதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகியவற்றால் ஆனது அது. விஸ்கி மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மதிப்பு ஏறும். பெரும்பாலான பீருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாள் ஆக ஆக வாசனை போகும். வெயில் பட்டால் கெடும்.

கப்பலில் ஏறி, துறைமுகத்தில் காத்திருந்து, லாரியில் குலுங்கி, கிடங்கின் வெக்கையில் கிடந்து வரும் பாட்டில் எப்படி இருக்கும்? கூட்ஸ் ஷெட்டில் சரக்கு படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதிலும் பச்சைக் கண்ணாடிப் பாட்டில் என்றால் பலருக்குத் தனி மரியாதை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள் மாறி, பீரில் ஒரு துர்நாற்றம் வரும். அதைத் தடுப்பதில் பழுப்புக் கண்ணாடி கெட்டி. பச்சைக் கண்ணாடி அவ்வளவு காப்பதில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது இந்த விஷயத்தில் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது!

ரசிகர்கள் கொண்டாடும் சுவைகளின் ரகசியமும் அத்தனை தூரத்தில் இல்லை. பெல்ஜியத்தின் ஹூகார்டன் பீரில் போடுவது ஆரஞ்சுத் தோலும் கொத்துமல்லி விதையும். நம் வீட்டு ரசத்துக்கு அரைக்கும் அதே தனியாதான்! ஜெர்மன் கோதுமை பீரின் வாழைப்பழ வாசனை ஈஸ்ட் செய்யும் வேலை. அதில் வாழைப்பழம் கிடையாது. ஐ.பி.ஏ. என்றால் இந்தியா பேல் ஏல். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன் இந்தியாவுக்குக் கப்பலேற்றிய பீரின் வாரிசு அது. ஹாப்ஸ் அதிகம் போட்டால் நீண்ட பயணத்தைத் தாங்கும் என்பதால் வந்தது அந்தக் கசப்பு. இவற்றைத் தெரிந்துகொண்டு ருசி பார்ப்பதில் தவறு இல்லை. சங்கீத ரசிகர் ராகத்தைக் கண்டுபிடிப்பது போன்ற சந்தோஷம் அதில் உண்டு.

இன்னொரு நல்ல குணத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ரசிகர்கள் சின்னத் தம்ளரில் வாங்கி, முகர்ந்து, நிதானமாகக் குடிக்கிறார்கள். நம்மவர்களில் பலருக்கு இந்த நிதானம் இல்லை. அதற்கும் காரணம் உண்டு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971 வரை நீடித்தது. ஒரு தலைமுறை மறைவில் நின்று, போலீஸுக்குப் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துப் பழகியது. மருந்தைப் போல ஒரே மூச்சில் கவிழ்க்கும் பழக்கம் அதன் மிச்சம். சட்டம் மாறியும் பழக்கம் மாறவில்லை.

‘பீர்தானே!’

விஷயத்தின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. நம்மவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. ‘குடிக்கிற பழக்கம் உண்டா?’ என்று கேட்டால், ‘சேச்சே, பீர் மட்டும்தான்’ என்று பதில் வரும். பீரை மதுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்திய விதிகளின்படி 5 சதவிகிதம் வரை ஆல்கஹால் இருந்தால் சாதா பீர். அதற்கு மேல் 8 சதவிகிதம் வரை ஸ்ட்ராங். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான். 650 மில்லி கொண்ட பெரிய பாட்டிலில் 8 சதவிகிதம் என்றால், அதில் சுத்த ஆல்கஹால் 52 மில்லி.

விஸ்கி, பிராந்தியில் 42.8 சதவிகிதம். 30 மில்லி ஸ்மாலில் ஏறத்தாழ 13 மில்லி ஆல்கஹால். ஆகவே ஒரு ஸ்ட்ராங் பீர் நான்கு ஸ்மாலுக்குச் சமம். 180 மில்லி குவார்ட்டரில் இருப்பது 77 மில்லி. இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தால் 104 மில்லி. அதாவது ஒரு குவார்ட்டரைத் தாண்டி, அதற்கு மேலும் இரண்டு ஸ்மால் ஆகிறது!

‘தினமும் ஒரு குவார்ட்டருக்கு மேல் குடிக்கிறான்’ என்று ஒருவனைப் பற்றிக் கேட்டால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ‘தினமும் இரண்டு பீர்’ என்றால் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். ஈரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நூறடி ரோட்டு ரசிகர்களும் இதில் தப்ப முடியாது. பெல்ஜியத்தின் டூவல் பீரில் 8.5 சதவிகிதம். துறவிகளின் மடத்தில் காய்ச்சும் ஷிமே நீல லேபிளில் 9 சதவிகிதம். 330 மில்லிச் சின்னப் பாட்டில்தானே என்று மூன்றை முடித்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுக்கிறவர், ஏறத்தாழ ஏழு ஸ்மால் அடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார். பாட்டிலின் பாரின் பெயர் அவரை ரோட்டில் காப்பாற்றாது.

‘பீர் உடம்புக்குக் குளிர்ச்சி’ என்பது இன்னொரு கட்டுக்கதை. ஆல்கஹால் சிறுநீரை அதிகமாக்கி உடம்பின் நீரை வெளியேற்றும். வெயிலில் வேலை செய்து வியர்த்தவருக்கு வேண்டியது தண்ணீரும் மோரும். ‘கிட்னி கல்லைக் கரைக்கும்’ என்பதும் அப்படித்தான். பீர் கல்லைக் கரைப்பதில்லை. இதை நம்பி மருத்துவரிடம் போகாமல் நாளைக் கடத்துகிறவர்கள் வலியை வளர்த்துக்கொள்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

‘குடிக்காதே என்று சொல்லாமல், கணக்குப் போட்டுக் குடி என்று சொல்வதா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆரோக்கியத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்துவிட்டது. குடிக்காதவர் குடிக்காமலே இருப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை. ஆனால் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் குடிப்பதைவிடத் தெரிந்து குடிக்கிறவர் குறைத்துக்கொள்ள வழி உண்டு.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் மூன்று வரிகளைப் படிக்க வேண்டும். எங்கே தயாரானது? எந்தத் தேதியில் தயாரானது? எத்தனை சதவிகிதம்? முதல் இரண்டும் பர்ஸைக் காப்பாற்றும். மூன்றாவது குடும்பத்தைக் காப்பாற்றும்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. 2019 ஏப்ரல் முதல் மது பாட்டிலில் எச்சரிக்கை அச்சிடுவது கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் இருக்கிறது. மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? ‘இந்தப் பாட்டில் நான்கு ஸ்மாலுக்குச் சமம்’ என்று கன்னடத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிடட்டும். எந்த மாநிலமானாலும் வரியைப் பாட்டிலுக்குப் பாட்டில் போடாமல், அதற்குள் இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பார்த்துப் போடட்டும். சாதா பீர் மலிவாகவும் ஸ்ட்ராங் விலை உயர்ந்தும் இருந்தால், காசைப் பார்த்து வாங்குகிறவரின் கை தானாகவே எடை குறைந்த போதையின் பக்கம் திரும்பும்.

ஊரில் தாய் தகப்பனை விட்டு, பிழைப்புக்காக வந்திருக்கும் ஊர் இது. மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில்தான் அங்கே பள்ளிக்கூடச் சம்பளமும் மளிகைக் கடன் பாக்கியும் தீர வேண்டும். ஓட்டலில் ஒரு பாரின் பாட்டிலின் விலை சில இடங்களில் ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தைத் தொட்டு நிற்கிறது. நண்பர்கள் முன்னால் கௌரவத்துக்காக அதை ஆர்டர் செய்கிற இளம் குமாஸ்தா, பெல்ஜியமா ஜெர்மனியா என்ற வாதத்தில் ஜெயித்தாலும் வீட்டுக் கணக்கில் தோற்றுத்தான் போகிறார்.

ருசியை ஒப்பிடுகிறவர்கள் தாராளமாக ஒப்பிடட்டும். அந்த ஒப்பீட்டில் இந்தக் கணக்கையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டால், இரவு பதினோரு மணி வரை நீளும் அந்தப் பட்டிமன்றம் எட்டரை மணிக்கே முடிந்துவிடும். சாப்பாடு ஆறுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேருவார்கள்.