நோன்புக்குப் பிந்திய பதினொரு மாதங்கள்

நோன்பு மாதம் நெருங்கினால் கல்முனைக் கரையோர ஊர்களில் துண்டுப் பிரசுரங்கள் நடமாடத் தொடங்கும். மருதமுனை முதல் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை பள்ளிவாசல் வாசல்களில் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் ஆட்கள் நிற்பார்கள். யத்தீம் பிள்ளைகளுக்கு என்று கேட்டால் இங்கே யாரும் கையை மடக்குவதில்லை. ஆனால், அந்தக் காசு எந்த வழியாகப் போய் ஒரு பிள்ளையின் பீங்கானில் சோறாகிறது என்பது கொடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது.

முதலில் அந்தப் பிள்ளை யார் என்று பார்ப்போம். இஸ்லாமிய சட்டப்படி, பருவமடையும் முன் தகப்பனை இழந்த பிள்ளையே யத்தீம். தாய் உயிரோடு இருக்கலாம். அப்போதும் அது யத்தீம்தான். பிள்ளையின் செலவுக்குப் பொறுப்பு தகப்பன் மேல் இருப்பதால் வந்த வரையறை இது. தாயை மட்டும் இழந்த பிள்ளை இதற்குள் வராது.

இந்தக் கரையோரத்தின் வழக்கம் வேறு. இங்கே வீடு மகளுக்குப் போகிறது. கலியாணத்தின்போது பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதப்படுகின்றன. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். குடி என்னும் வம்சவழியும் தாய் வழியாகவே வருகிறது. ஆகவே வாப்பா மௌத்தானால் வருமானம் நிற்கும், கூரை நிற்கும். பிள்ளை அதே அறையில்தான் படுக்கும்; அடுத்த வளவில் சாச்சி இருப்பார். உம்மா மௌத்தானால் நிலைமை தலைகீழ். வாப்பா மறுமணம் செய்து புது மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டால், பிள்ளைக்கு இருப்பது உம்மாவின் தாயும் சகோதரிகளும் மட்டுமே.

2004 டிசம்பர் 26 இதைக் கொடூரமாகக் காட்டியது. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆண்களைவிடப் பெண்களும் சிறுவர்களுமே அதிகம் இறந்தனர். வரையறைப்படி யத்தீம் அல்லாத, ஆனால் வீடில்லாத பிள்ளைகள் ஒரே காலையில் உருவானார்கள். இன்று ஓர் அநாதை இல்லம் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது மார்க்க வரையறையை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இந்த ஊர்களின் அனுபவமே சான்று.

அடுத்தது சேர்க்கை. இலங்கையில் அநாதை இல்லங்களைப் பதிவது 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ். 1987இல் மாகாண சபைகள் வந்தபின் அந்தப் பொறுப்பு மாகாணங்களின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களங்களிடம் போனது. கல்முனைப் பக்கம் ஓர் இல்லம் தொடங்க வேண்டுமானால் கிழக்கு மாகாணத் திணைக்களத்தின் பதிவு வேண்டும். பள்ளி நிர்வாகம் நினைத்தால் மட்டும் முடியாது. பிள்ளையை ஏற்கும்போதும் அப்படியே. கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் மரண அத்தாட்சிப் பத்திரம், நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை என்று கோப்பு நிறைய வேண்டும். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை என்றால் நீதவானின் கட்டளையும் வேண்டும்.

இவ்வளவு காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கல்முனையிலேயே ஓர் உதாரணம் உண்டு. சுனாமியன்று உயிரோடு மீட்கப்பட்ட ஒரு கைக்குழந்தை கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது ஆளாகப் பதிவானது. அந்த இலக்கமே உலகச் செய்திகளில் அதன் பெயராயிற்று. தங்கள் பிள்ளை என்று வந்த தம்பதியிடமும் குழந்தையை உடனே கொடுக்க முடியவில்லை. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில்தான் குழந்தை பெற்றோர் கைக்குப் போனது. அந்தத் தாய்க்கு அது நீண்ட காத்திருப்பு. ஆனாலும் கண்டவர் எடுத்துப்போக முடியாமல் ஒரு பிள்ளையைக் காப்பது இந்தக் காகித வேலைதான். அதே காலத்தில் சுனாமிப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. பெற்றோரை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரை உறவினர்களே ஏற்று வளர்த்தார்கள்.

சேர்க்கைக் கோப்பில் எளிதாக விடுபட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு: பிள்ளையின் சொத்து. தகப்பனின் கடையிலோ வயலிலோ பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இருக்கலாம். குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அநாதைகளைப் பற்றிப் பேசத் தொடங்குவதே இந்த இடத்தில்தான். பொறுப்பாளர் அவர்கள் சொத்தைத் தன் சொத்தோடு சேர்த்து விழுங்கக் கூடாது. உரிய வயதில் சாட்சிகளோடு ஒப்படைக்க வேண்டும். ஆகவே, பிள்ளை இல்லத்துக்கு வரும் அன்றே அதற்கு என்ன இருக்கிறது என்று எழுதிவைப்பது நல்ல நிர்வாகத்தின் முதல் வேலை.

இனிப் பணம். இதுதான் சிக்கலான பகுதி, ஏனென்றால் இல்லத்துக்கு வரும் எல்லாக் காசும் ஒரே காசு அல்ல. முதல் வகை ஸகாத். வசதியுள்ள முஸ்லிம் ஆண்டுக்கு ஒருமுறை சேமிப்பிலும் வணிகப் பொருளிலும் 2.5 வீதம் கொடுக்கும் கட்டாயக் கொடை அது. யாருக்குக் கொடுக்கலாம் என்று எட்டு வகையினரைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் யத்தீம் தனி வகையாக இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஏழை என்ற வகையில்தான் யத்தீம் ஸகாத் பெறுகிறது. வசதியான வாரிசுப் பங்குள்ள யத்தீமுக்கு அது சேராது. ஸகாத் உரியவரின் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. எனவே, அதைக் கொண்டு சுவர் எழுப்புவதையோ கூரை போடுவதையோ அவர்கள் ஏற்பதில்லை.

இரண்டாவது ஸதகா. இது விரும்பிக் கொடுப்பது, கட்டுப்பாடு குறைவு. மின்கட்டணம், சமையற்காரியின் சம்பளம், குழாய் திருத்தம் எல்லாம் இதிலிருந்துதான். மூன்றாவது வக்பு. ஒரு கடையையோ தோட்டத்தையோ நிரந்தரமாக ஒரு நற்காரியத்துக்கு எழுதிவைப்பது. முதல் அப்படியே இருக்கும். வாடகை மட்டும் செலவாகும். முஸ்லிம் பள்ளிவாசல்களும் தர்ம நிதிகளும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் வருகின்றன. நான்காவது, ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் பெயரில் மாதாமாதம் அனுப்பும் பராமரிப்புப் பணம். கட்டாரிலோ சவூதியிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தர விரும்புகிறார்கள்.

நான்கையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு ஒரே புத்தகத்தில் எழுதினால், திருட்டு எதுவும் நடக்காமலே நம்பிக்கை கெட்டுவிடும். ஸகாத்தாகக் கொடுத்தவர் தன் காசு தண்ணீர்த் தொட்டியாக மாறியதைக் காண்பார். தனி ஏடுகள் வைத்த இல்லங்களில் வேறொரு உண்மை தெரியவரும்: கூரைக்குக் காசு இல்லாதபோதும் ஸகாத் பெட்டி நிறைந்திருக்கும்.

பணம் வரும் காலமும் ஒரு பிரச்சினை. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் போலக் குறைவு. அதனால் நோன்பு ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது. 2010இல் அது ஓகஸ்டில் தொடங்கியது. இப்போது பெப்ரவரி, மார்ச்சுக்கு வந்துவிட்டது. விளைச்சலுக்கும் ஸகாத் உண்டு: மழையை நம்பிய வயலுக்குப் பத்து வீதம், செலவழித்துத் தண்ணீர் பாய்ச்சிய வயலுக்கு ஐந்து வீதம், அறுவடை அன்றே. சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் இருந்து இது நெல் மூட்டையாகவே வரும். பெரும்போக அறுவடையும் பெப்ரவரி, மார்ச்சில்தான். ஆகவே, இந்த ஆண்டுகளில் நெல்லும் காசும் ஒரே மாதங்களில் வந்து குவிகின்றன. நோன்பு ஓகஸ்டில் இருந்தபோது காசு ஒரு பருவத்தில், பெரும்போக நெல் இன்னொரு பருவத்தில் வந்தது. செலவோ தன் வழியில் போகிறது. வாடைக்காற்றில் கடலுக்குப் போக முடியாமல் ஊரே கையைக் கட்டி நிற்கும் மாரி மாதங்களிலும் உலை வைக்க வேண்டும்.

இல்லத்தின் அலுவலகச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இதை நேரடியாகப் பார்க்கலாம். இன்னாருடைய பேரில் பகல் சாப்பாடு, இன்னாருடைய வாப்பாவின் ஆண்டு நினைவு என்று கட்டங்களில் பேனாவால் எழுதியிருப்பார்கள். நோன்பு மாதத்தில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று பெயர் நெருக்கியடிக்கும். பெருநாளுக்குப் பின் வரும் தாள்கள் வெறுமையாகக் கிடக்கும். ஒரே நாளில் இரண்டு வீட்டுப் புரியாணி வந்து பாதி வீணாவதும், பத்து நாள் கழித்துப் பருப்பும் சோறுமாக ஓடுவதும் இதனால்தான். சமைத்த சாப்பாட்டுக்குப் பதில் அதன் பெறுமதியைக் கொடுத்து, நாளை இல்லமே தீர்மானிக்கட்டும் என்று விடும் கொடையாளி உண்மையில் பெரிய உதவி செய்கிறார். ஆனால் அப்படிக் கொடுத்தால் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்கக் கிடைக்காது. பலருக்கு அது மனசுக்குக் கஷ்டம்.

2022 இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் காட்டியது. முந்தைய ஆண்டில் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டதால் 2022 பெரும்போக விளைச்சல் சரிந்தது. நெல்லாக வரும் ஸகாத்தும் கூடவே குறைந்தாக வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவு ஏறக்குறைய 195 ரூபாய். வெளிநாட்டு நாணயத்தில் மாதாமாதம் பணம் வந்த இல்லத்துக்கு ரூபாயின் சரிவே ஓரளவு ஈடுகட்டியது. உள்ளூர் உண்டியலை நம்பிய இல்லத்துக்கு அந்த வழியும் இல்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்னர், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், முஸ்லிம் அமைப்புகளின் வெளிநாட்டுப் பணம் கடுமையாகக் கண்காணிக்கப்படத் தொடங்கியிருந்தது. ஏடுகளை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கே அதிகாரிகளுக்குப் பதில் சொல்வது எளிது.

தொண்டர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வாரம் இரண்டு மாலை வந்து சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது பெரிய காரியம், அவர் வருடக்கணக்கில் வருவாரானால். இரண்டு வாரம் வந்து பிள்ளைகளோடு ஒட்டிப் பழகிவிட்டுப் போகும் வெளியூர் இளைஞர்களால் வரும் நன்மை ஐயத்துக்குரியது. ஒருமுறை ஆளை இழந்த பிள்ளை ஒவ்வொரு பிரிவையும் வேறு விதமாக உணரும். யார் வந்தாலும் பெயர் பதிவு, தனியறையில் பிள்ளையோடு இருக்கத் தடை, முகம் தெரியப் படம் எடுக்கத் தடை ஆகிய மூன்றும் வேண்டும். முறைப்பாட்டுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

இத்தகைய இல்லங்கள் பேரழிவுகளில் பிறப்பது புதிதல்ல. கேரளத்தில் 1921 மாப்பிளைக் கிளர்ச்சிக்குப் பின் 1922இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் தொடங்கியது. வாந்திபேதிக்குப் பின் 1943இல் திரூரங்காடி யத்தீம்கானா வந்தது. அது பின்னர் 1968இல் கல்லூரியே நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. பேரழிவு ஓய்ந்த பிறகும் இல்லம் இருக்கும். கட்டில்கள் காலியாகக் கிடக்காது. வறுமை அவற்றை நிரப்பும். இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பான்மையினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்தில் இருந்து பிரிக்கக் கூடாது என்று 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற வழிகாட்டல்கள் சொல்கின்றன.

இஸ்லாமிய மரபும் இதற்கு எதிரானதல்ல. பிள்ளையின் வம்சப் பெயரை மாற்றாமல் அதன் பராமரிப்பை ஏற்கும் கபாலா முறையை 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் தன் 20ஆம் உறுப்புரையில் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. கபாலாவுக்குத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. மேலே சொன்ன ஸகாத்துக்கு உள்ள நிபந்தனையும் இங்கே சிக்கலாக நிற்காது: ஏழைத் தாய்க்கும் பிள்ளைக்கும் கையில் கொடுப்பதுதான் அந்தக் கொடைக்கு மிகப் பொருந்திய வடிவம். பல ஊர்களில் பைத்துஸ் ஸகாத் என்ற பெயரில் கூட்டாகச் சேர்த்துப் பகிரும் அமைப்புகளும் உள்ளன. வீடு தாயின் பெயரில் இருக்கும் இந்தக் கரையோரத்தில், வாப்பா இல்லாத பிள்ளைக்குக் குறைவது பெரும்பாலும் மாதச் செலவே. இல்லம் தேவைப்படும் பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள்: இரு பெற்றோரும் இல்லாதவர்கள், வீட்டிலேயே ஆபத்து உள்ளவர்கள், உம்மா போனபின் யார் வீட்டிலும் தரிக்க முடியாதவர்கள். ஆனால், கட்டில் எண்ணிக்கை அவர்களைப் பார்த்து நிர்ணயமாக வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த நோன்பில் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் நிற்பவரிடம் காசு கொடுக்கும்போது ஒன்று கேட்கலாம். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உம்மா இருக்கிறார், அவர்களை அவரிடமே வைத்துப் பார்க்க மாதம் எவ்வளவு வேண்டும்? சேர்க்கைக் கோப்பை ஒழுங்காக வைத்திருக்கும் இல்லத்தால் அன்றே பதில் சொல்ல முடியும்.